மீட்டர் காட்டாத மணிக்கணக்கு

புதிய வேலைக்கான கடிதம் வந்த அன்று மாலை நான் செய்த முதல் காரியம், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பார்த்ததுதான். 110 கிலோமீட்டர். அதில் 100 கிலோமீட்டர் விரைவுச்சாலை. ரயில் உண்டு, ஆனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், கடைசி ரயிலோ என் வேலை முடிவதற்குள் கிளம்பிவிடும். வீட்டை மாற்றலாம் என்றால் மனைவியின் வேலை இந்தப் பக்கம். ஆகவே கார்தான், அதுவும் சேமிப்பில் இருக்கிற பணத்துக்குள் அடங்கும் பழைய கார்.

ஒரு நாளைக்கு 220 கிலோமீட்டர், வாரத்துக்கு ஐந்து நாள், வருடத்துக்கு 46 வாரம் என்று பெருக்கினால் 50,600 கிலோமீட்டர் வருகிறது. நிலநடுக்கோட்டின் மேல் பூமியை ஒரு முறை சுற்றிவரவே சுமார் 40,000 கிலோமீட்டர்தான் ஆகும். இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவிட்டு, அதற்குப் பிறகும் நான் தவறான காரைத்தான் வாங்கினேன்.

ஆறு வயதான சிறிய பெட்ரோல் கார். மீட்டரில் 38,000. ஒரே உரிமையாளர், பணி ஓய்வு பெற்றவர். கடைக்கும் மருத்துவமனைக்கும் பேரனின் பள்ளிக்கும் மட்டுமே எடுத்துப் போன வண்டி. பெயிண்ட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம். விற்றவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். "இவ்வளவு குறைவாக ஓடிய வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டேதான் வாங்கினேன்.

முதல் வாரத்திலேயே காது புகார் செய்தது. ஐந்து கியர் வண்டி. 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,700 சுற்று சுற்றியது. வாங்குவதற்கு முன் நான் ஓட்டிப் பார்த்தது ஊருக்குள் பத்து நிமிடம். அங்கே அது பூனைக்குட்டி மாதிரி இருந்தது. விரைவுச்சாலையில் ஒரு மணி நேரம் விடாமல் அதே சுருதியில் கத்தியது. வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். இருக்கையோ தொடையின் பாதியிலேயே முடிந்துவிடுகிற குட்டை இருக்கை. இரண்டாம் வாரம் இடது இடுப்பு மரத்துப்போகத் தொடங்கியது.

மூன்றாவது மாதம், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து மூன்று விநாடி நீடிக்கிற ஒரு சத்தம் வந்தது. டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். மெக்கானிக் அண்ணாவிடம் கொண்டுபோனேன். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டு உடனே அணைத்தார்.

"தம்பி, இது எவ்வளவு ஓடியிருக்கிறது?"

"இப்போது 49,000 கிலோமீட்டர், அண்ணா."

"கிலோமீட்டர் இருக்கட்டும். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது?"

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான்; இத்தனை மணி ஓடினால் ஆயில் மாற்ற வேண்டும் என்றுதான் புத்தகத்திலேயே போட்டிருக்கும் என்றார். பிறகு ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார். கடைத்தெருவிலும் சிக்னலிலும் நின்று நின்று போன கார், சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் போயிருக்கும். 38,000 கிலோமீட்டருக்கு 1,900 மணி நேரம். விரைவுச்சாலையிலேயே ஓடிய கார் சராசரியாக 85 போயிருந்தால், 1,70,000 கிலோமீட்டருக்கு 2,000 மணி நேரம். இரண்டு எஞ்சின்களும் ஏறக்குறைய ஒரே வயது. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த மணி நேரங்களின் தரமும் வேறு. எஞ்சின் வேகமாகத் தேய்வது குளிர்ந்த நிலையில் ஓடும் முதல் சில நிமிடங்களில். எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால்தான் ஆயிலில் கலந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்துவிட்டால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சூடாகிவிட்டது என்று பொருள். ஆயில் சூடாவதற்கு அதற்கு மேலும் நேரம் ஆகும். நான்கு கிலோமீட்டர் போய் நிறுத்துகிற வண்டியில் அந்த ஈரமெல்லாம் உள்ளேயே தங்குகிறது. போதாததற்கு, "வருடத்துக்கு ஆறாயிரம்தானே ஓடுகிறது, எதற்கு ஆயில் மாற்ற வேண்டும்" என்று பெரியவர் மூன்று வருடம் விட்டுவிட்டார். கையேட்டில் கிலோமீட்டரையும் போட்டு, "அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது" என்றும் போட்டிருக்கும். அந்த இரண்டாவது பாதியை யாரும் படிப்பதில்லை. விளைவு, எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் நீண்டு போயிருந்தது. காலையில் கேட்டது அதன் சத்தம்.

நான் கிளம்பும்போது அண்ணா டயரைக் காட்டினார். பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 3218. 2018-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று அர்த்தம். நான்கு டயரிலும் அதே எண். ரப்பரின் ஆழம் புதிது போல இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் மகிழ்ந்திருந்தேன். பக்கச் சுவரைக் கட்டை விரலால் அழுத்தியபோது தலைமுடி அகலத்தில் வரிசையாக வெடிப்புகள் திறந்தன. தேயாத டயருக்கும் வயதாகும். இந்த டயர்களில்தான் மூன்று மாதமாக நான் 110-இல் போய்க்கொண்டிருந்தேன்.

செயினை மாற்றி, டயரை மாற்றி, நடந்ததையெல்லாம் வாங்கியவரிடம் சொல்லியே வண்டியை விற்றேன். ஊருக்குள் ஓட்ட அவருக்கு அது நல்ல கார். எனக்கு நஷ்டம்தான். ஆனால் அடுத்த காரைத் தேடும்போது எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தது.

முதலில் எரிபொருள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நாம் பேசுகிற கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். வருடத்துக்கு 50,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், லிட்டருக்கு 10 தரும் காரிலிருந்து 15 தரும் காருக்கு மாறினால் 5,000 லிட்டர் 3,333 ஆகக் குறைகிறது. மிச்சம் 1,667 லிட்டர். 20 தரும் காரிலிருந்து 25 தரும் காருக்கு மாறினால் 2,500 லிட்டர் 2,000 ஆகிறது. மிச்சம் 500 லிட்டர். இரண்டிலும் அதே ஐந்துதான் கூடுகிறது. ஆகவே மட்டமான மைலேஜைத் தவிர்ப்பதில்தான் பணம் இருக்கிறது. 20-க்கு மேல் இன்னும் இரண்டு கூட வேண்டும் என்பதற்காக வாங்கும் விலையில் பெரிய தொகையைக் கொட்டினால், அதைத் திரும்ப எடுக்கப் பல வருடம் ஆகும்.

விரைவுச்சாலையில் மைலேஜைத் தின்பது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 100-லிருந்து 120-க்குப் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது. உயரமான எஸ்.யூ.வி. வகைகளை நான் பட்டியலிலிருந்தே எடுத்தது இதனால்தான். ஊருக்குள் மேடு பள்ளம் தாண்ட அவை வசதி; என் பயணத்தில் தினமும் நூறு கிலோமீட்டருக்கு ஒரு சுவரை முன்னால் பிடித்துக்கொண்டு ஓடுவது போல. தாழ்வான செடான், அல்லது பின்பக்கம் நீண்ட எஸ்டேட். ஸ்கோடா ஆக்டேவியா, டொயோட்டா கொரோலா, ஹோண்டா அக்கார்ட் என்ற வரிசையில் வருகிற, தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத கார்கள். அகலமான பெரிய சக்கரம் போட்ட உயர்ரகப் பதிப்புகளும் வேண்டாம்: டயர் விலை அதிகம், சாலை இரைச்சல் அதிகம், குழியில் விழுந்தால் இடி நேராக முதுகெலும்புக்கு.

பெட்ரோலா, டீசலா, ஹைபிரிடா? இந்தச் சண்டையில் அவரவர் கட்சி அவரவருக்கு. எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் தன் வித்தையைக் காட்டுவது பிரேக் பிடிக்கும் இடங்களில். அந்த ஆற்றலைத்தான் அது மின்சாரமாக மீட்கிறது. சீரான வேகத்தில் பிரேக்கைத் தொடாமல் ஒரு மணி நேரம் போகிற சாலையில் மீட்பதற்கு என்ன இருக்கிறது? நல்ல கார்தான், ஆனால் அதற்காகத் தரும் கூடுதல் விலை அங்கே முழுதாகத் திரும்பி வராது. மின்சாரக் கார், வீட்டிலேயே சார்ஜ் போட வசதி உள்ளவருக்கு யோசிக்க வேண்டியது. ஆனால் விளம்பரத்தில் உள்ள தூரத்தை நம்பிவிடக் கூடாது; விரைவுச்சாலை வேகமும் குளிரும் சேர்ந்து அதைக் கணிசமாகக் குறைக்கும், பழைய பேட்டரியில் இன்னும் குறையும். எனக்கு வீட்டு வாசலில் வண்டி நிறுத்தவே இடமில்லை. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

மிச்சம் டீசல். ஐரோப்பாவில் 2009-இல் வந்த யூரோ 5, இந்தியாவில் 2020-இல் வந்த பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் பெரும்பாலும் ஒரு கரி வடிகட்டி இருக்கும், டி.பி.எஃப். என்பார்கள். புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேறி அதை எரித்துவிடும். எரித்து முடிக்க நிற்காமல் ஓடும் நீண்ட ஓட்டம் தேவை. ஊருக்குள் சிறிது சிறிதாக ஓடும் டீசல் காரில் எரிப்பு பாதியில் நின்றுபோகும், மறுபடி முயலும், மறுபடி நிற்கும். எரிப்புக்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். பழைய டீசல் காரில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்து, அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்து டீசல் வாடையும் அடித்தால், "ஆயில் நிறைய இருக்கிறது" என்று சந்தோஷப்படாமல் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. ஊரோட்டம் ஓடிய டீசல் என்பது இரண்டு பக்கமும் கெட்ட பேரம். நெடுந்தூரம் ஓடிய டீசலோ நெடுந்தூரம் ஓட்டப் போகிறவருக்காகவே பழக்கி வைத்த மாதிரி. போய்ச் சேரும் நகரத்தில் பழைய டீசலுக்குத் தடையோ கட்டணமோ உண்டா என்பதை மட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இர்வ் கார்டன் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியரைப் பற்றி எல்லோரும் எங்கேனும் படித்திருப்பார்கள். 1966-இல் வாங்கிய வால்வோ பி1800 காரை 2013-இல் 30 லட்சம் மைலுக்குக் கொண்டுபோனவர். அதாவது சுமார் 48 லட்சம் கிலோமீட்டர். வேலைக்குப் போய்வரவே அவருக்கு தினமும் 125 மைல், ஏறக்குறைய என் தூரம். நெடுஞ்சாலை ஓட்டமும் நாள் தவறாத ஆயில் மாற்றமும்தான் அவர் கதை. அவர் கார் நல்ல கார் என்பது உண்மைதான். ஆனால் தினமும் நான்கு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் அது அவ்வளவு தூரம் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

தேடலில் முதலில் போன இடத்தில் ஐந்து நிமிடம்தான் இருந்தேன். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று தொலைபேசியில் இரண்டு முறை சொல்லியிருந்தேன். போனவுடன் பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன், சுட்டது. "இப்போதுதான் கழுவிக்கொண்டு வந்தேன், சார்" என்றார். கார் காய்ந்து கிடந்தது. குளிர்ந்த எஞ்சின் சொல்லும் உண்மைகளைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது வண்டி, வாடிக்கையாளர்களைப் பார்க்க ஊர் ஊராகப் போகும் ஒரு விற்பனைப் பிரதிநிதியுடையது. ஏழு வயது டீசல் எஸ்டேட், ஆறு கியர், 1,72,000 கிலோமீட்டர். எந்த நிறுவனத்தின் கார் என்று சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் பெயர்ச் சண்டை தொடங்கிவிடும். மேசை மேல் ரசீதுக் கோப்பு ஒன்றை வைத்தார். உள்ளே பதினோரு ஆயில் மாற்ற ரசீதுகள், ஒவ்வொன்றிலும் தேதி, ஒவ்வொன்றிலும் மீட்டர் எண். 14,800, 30,100, 44,900 என்று படிக்கட்டு மாதிரி ஏறின. நடுவே எங்கும் படி உடையவில்லை. மீட்டரைத் திருத்துகிறவர்கள் பலர் உண்டு; ஏழு வருடத்து ரசீதுகளைச் சேர்த்துத் திருத்தும் பொறுமை அவர்களில் அநேகருக்கு இல்லை. இருக்கையின் கதவுப் பக்க ஓரம் நசுங்கியிருந்தது, ஸ்டியரிங்கின் தோல் மேல்பாதியில் பளபளத்தது. அந்த எண்ணுக்கு ஏற்ற தேய்மானம். கிளட்ச் மிதியின் ரப்பர் மட்டும் வரி அழியாமல் இருந்தது: ஆறாவது கியரிலேயே வாழ்ந்த வண்டியில் இடது காலுக்கு வேலை இல்லை.

பானெட்டின் முன் விளிம்பில் கல் தெறித்த வெண்புள்ளிகள். முன் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்ந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தேன். உப்புத்தாள் தேய்த்தது போல ஆயிரக்கணக்கான பொடிக் குழிகள். முன்னால் போகும் லாரிகள் வாரியடித்த மணலின் வேலை. இதைக் குறையாக எண்ணிக்கொள்ளுங்கள்: எதிர் வெயிலில் அந்தக் குழிகள் ஒவ்வொன்றும் ஒரு விளக்காக எரியும். என் வீடு மேற்கே, அலுவலகம் கிழக்கே. காலையிலும் முகத்துக்கு நேரே சூரியன், மாலையிலும் முகத்துக்கு நேரே சூரியன். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

பானெட் குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பியவுடன் பிடித்துக்கொண்டது. லேசான புகை, அதுவும் உடனே அடங்கியது. ஊருக்குள் சுற்றியது போதும் என்று விரைவுச்சாலைக்கே போகச் சொன்னேன். நாற்பது நிமிடம். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கொட்டாவி விட்டார். 110-இல் எஞ்சின் 1,950 சுற்று. நான் காது கொடுத்துக் கேட்டது சக்கரத்தின் சத்தத்தைத்தான். 80-க்கு மேல் ஒரு முனகல் வந்து, ஸ்டியரிங்கை லேசாக இடது பக்கம் திருப்பும்போது கூடினால், வலது சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங் போகப்போகிறது. வலது பக்கம் திருப்பும்போது கூடினால் இடது. ஏனென்றால் வண்டியின் எடை எதிர்ப்பக்கம் சாய்கிறது. முனகல் இல்லை. 100-ஐ ஒட்டி ஸ்டியரிங் நடுங்கினால் சக்கரச் சமநிலை சரியில்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கில் கோளாறு. பிரேக்கில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. ஐந்தாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தேன். வேகம் ஏறாமல் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். எகிறவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், இறங்கும்போது என் இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பில் இல்லாத ஒரே ரசீது டைமிங் பெல்ட்டுடையது; டைமிங் செயினின் வேலையை இந்த வண்டியில் பெல்ட் செய்கிறது. அதை மாற்ற வேண்டிய காலம் நெருங்கியிருந்தது. இந்த வகை எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். பிறகு எஞ்சினையே மாற்ற வேண்டிவரலாம். பெல்ட், தண்ணீர் பம்ப், முன் டிஸ்க் மூன்றின் செலவையும் விலையிலிருந்து குறைக்கச் சொன்னேன். பம்ப்புக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற இரண்டுக்கும் குறைத்தார்.

பழைய கார் வாங்கப் புறப்படும்போது கையில் உள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது என்று தீர்மானித்திருந்தேன். அந்தப் பங்கு ஒரு மாதத்துக்குள் செலவானது: பெல்ட், டிஸ்க், எல்லா வடிகட்டிகள், ஆயில், கூலண்ட், பிரேக் திரவம், நான்கு டயர், முன் கண்ணாடி. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கண்ணாடிதான் நான் செய்த செலவுகளில் உத்தமமானது. மாற்றிய மறுநாள் காலை சாலையே புதிதாகப் போட்டது போல இருந்தது.

காலை எடுத்த பிறகும் வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் இந்த வண்டியில் இருக்கிறது. 1950-இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய ரால்ஃப் டீட்டர், சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். கார் ஓட்டவே முடியாதவர். பக்கத்தில் உட்கார்ந்து வந்தே, ஓட்டுகிறவரின் கால் எவ்வளவு சீரற்றது என்று அவர் கண்டுகொண்டார். 102-இல் பொருத்திவிட்டுக் காலை எடுத்துவிடுகிறேன். 120-இல் போனால் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் ஒன்பது நிமிடம் மிச்சம். என் குறிப்பேட்டின்படி லிட்டருக்கு 22 தருவது 18 ஆகிவிடுகிறது. தாமதமாக எழுந்த நாட்களில் அந்த ஒன்பது நிமிடத்தை விலைக்கு வாங்குகிறேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு வருடம் ஆகிறது. மீட்டர் 2,71,000-ஐத் தாண்டிவிட்டது. ஆயிலை 10,000-க்கு ஒருமுறை மாற்றுகிறேன், அதாவது ஏறக்குறைய பத்து வாரத்துக்கு ஒருமுறை. அண்ணா இதற்காகவே எனக்குத் தனி விலை வைத்திருக்கிறார். கிளட்ச் இன்னும் பழையதுதான். திங்கட்கிழமையிலிருந்து 80-க்கு மேல் மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது. இடது பக்கம் திருப்பினால் கூடுகிறது. சனிக்கிழமை வலது பேரிங்குடன் வருகிறேன் என்று அண்ணாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.